சின்ன சிப் பேசுமா?

உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பாட்டு ஃபைல் நாலைந்து எம்பி இடம் பிடிக்கிறது. அதை நீங்கள் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் ஆர்டுயினோ ஊனோ போர்டில் உள்ள ஏடிமெகா 328பி மைக்ரோகன்ட்ரோலரில் ஃப்ளாஷ் மெமரி மொத்தமே 32 கேபிதான். ராம் வெறும் 2 கேபி. இதைப் பேச வைக்க முடியுமா? முடியும்.

என் அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு. ராத்திரி மாத்திரையை மறந்துவிடுவார். "அப்பத்தா, மாத்திரை போட்டீங்களா?" என்று பேத்தியின் குரலில் கேட்கும் பெட்டி ஒன்று செய்ய உட்கார்ந்தேன்.

முதலில் கணக்கு. சிப்பைப் பொறுத்தவரை ஒலி என்பது எண்களின் வரிசை. ஆடியோ சிடியில் விநாடிக்கு 44,100 முறை, 16 பிட், இரண்டு சேனல். அதாவது விநாடிக்கு 1,76,400 பைட். நம் சிப்பில் கால் விநாடிகூட அடங்காது. பேச்சுக்கு இவ்வளவு எதற்கு? டெலிபோன் தரம் போதும். 8,000 முறை, 8 பிட், மோனோ என்றால் விநாடிக்கு 8,000 பைட். புரோகிராமுக்கு இடம் விட்டாலும் மூன்றரை விநாடி கிடைக்கும்.

இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் பதிவு செய்து, இந்த அளவுக்கு மாற்றி, எண்களைப் புரோகிராமில் சேருங்கள். 'புரோக்மெம்' என்ற சொல்லை மறக்க வேண்டாம். மறந்தால் அத்தனை எண்களும் ராமில் ஏறப் பார்க்கும். கம்பைலர் கையை விரித்துவிடும்.

இந்தச் சிப்பில் அனலாக் வெளியீடு கிடையாது. அதனால் ஒரு பின்னை விநாடிக்கு 62,500 முறை ஆன், ஆஃப் செய்கிறோம். ஆன் நேரம் கூடினால் சராசரி மின்னழுத்தமும் கூடும். இதுதான் பிடபிள்யூஎம். ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் அதைச் சீராக்கும். ஸ்பீக்கரை நேரடியாகப் பின்னில் மாட்டாதீர்கள். சிறிய ஆம்ப்ளிஃபயர் அவசியம்.

முதல் நாள் சொதப்பல். ஃபைல் 11,025-ல் இருந்தது. டைமரை 8,000-க்கு வைத்திருந்தேன். ஏழு வயதுக் குழந்தையின் குரல் கட்டைக் குரலாக இழுத்தது. "யாருப்பா இந்த ஆள்?" என்றார் அம்மா. இரண்டையும் 8,000 ஆக்கியதும் சரியானது. அன்று ராத்திரி பெட்டி கேட்டதும், "போட்டுட்டேன் தாயி" என்று பதில் சொன்னார்.

இப்போது பேத்தி பாடிய பாட்டும் வேண்டுமாம். அதற்கு ஃப்ளாஷ் போதாது. எஸ்டி கார்டு மாட்டியாக வேண்டும். கார்டு 3.3 வோல்ட்டில் இயங்குவது, ஊனோ 5 வோல்ட். இடையில் லெவல் கன்வெர்ட்டர் உள்ள மாட்யூலாகப் பார்த்து வாங்குங்கள்.