சோதனையும் வேண்டும், சுயமரியாதையும் வேண்டும்

ஜி.டி. எக்ஸ்பிரஸே கதி என்றிருந்த தில்லித் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இன்று விமானத்தில் ஊருக்குப் போய் வருகின்றன. பயண நேரம் குறைந்தது நல்லதுதான். ஆனால், பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, பெட்டியின் ஜன்னல் வரை வந்து வழியனுப்பும் சுகம் போயிற்று. விமான நிலைய வாசலிலேயே டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்ட வேண்டும். உள்ளே போனால் பர்ஸும் பெல்ட்டும் தட்டில் போக, நாம் இரு கைகளையும் விரித்து நிற்க வேண்டும்.

இக்கட்டுப்பாடுகள் காரணமின்றி வந்தவை அல்ல. 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து தில்லிக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதன் பின்னர், 2000-ஆம் ஆண்டு முதல், விமான நிலையங்களின் காவல் மாநிலப் போலீசாரிடமிருந்து மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையிடம் படிப்படியாக ஒப்படைக்கப்பட்டது. ஆகவே, சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

என் கவலை வேறு. ஒரு விதி வருவதற்கு ஒரு சம்பவம் போதும்; அது போவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2001 டிசம்பரில் ஒருவன் காலணிக்குள் வெடிமருந்தை மறைத்து விமானம் ஏறினான். அதன் விளைவாக, 2006 முதல் அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகள் காலணியைக் கழற்ற வேண்டியதாயிற்று. அந்த விதி தளர்ந்தது 2025 ஜூலையில்தான்! நம் நாட்டில் கைப்பை அட்டையில் முத்திரை குத்தும் வழக்கம் பெரிய நிலையங்கள் சிலவற்றில் 2017-இல் நின்றது. ஆக, மனம் வைத்தால் விதியை மாற்ற முடியும்.

விதியின் பாரம் எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. விபத்தில் ஒரு காலை இழந்தும் செயற்கைக் காலுடன் மேடையேறிய நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஒவ்வொரு முறையும் அந்தக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் பிரதமருக்கே வேண்டுகோள் விடுத்தார். பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. பெயர் பெற்றவர் குரல் மேலிடத்துக்கு எட்டியது. நம் வீட்டுப் பாட்டியின் குரல் எட்டுமா?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அந்த உரிமையில் அரசு தலையிட்டால், அதற்குச் சட்டமும் தக்க காரணமும் வேண்டும். தலையீடு தேவையின் அளவை மீறவும் கூடாது. 2022 டிசம்பரில் தொடங்கிய, முகத்தைப் படம் பிடித்து உள்ளே அனுப்பும் ‘டிஜி யாத்ரா’வும் கட்டாயமல்ல, விருப்பப்பட்டால் மட்டுமே.

ரயில்வேயில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. பெரிய விபத்து நடந்தால் விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தைச் சேர்ந்தவர் அல்லர். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். வண்டியை ஓட்டுகிறவர்களே தீர்ப்பும் சொல்லக் கூடாது என்பதே அதன் தாத்பரியம். விமான நிலையச் சோதனைகளையும் இப்படி வெளியார் ஒருவர் குறித்த காலத்துக்கு ஒரு முறை ஆராய்ந்து, எது தேவை, எது வெறும் பழக்கம் என்று சொல்ல வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வயதானவர்களோ உடல் ஊனமுற்றவர்களோ உடன் வந்தால், மறைவான இடத்தில் சோதிக்கும்படி தயங்காமல், தன்மையாகக் கேளுங்கள். அது சலுகையல்ல, மரியாதை.