ஏறாத கண்ணாடியும் கடுகளவு கரியும்

பேட்டரி மாற்றிய அன்று சாயங்காலம் என் காரில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி ஒரே இழுப்பில் ஏறவில்லை. சுவிட்சைப் பிடித்திருக்கும்வரை ஏறியது. விரலை எடுத்ததும் பாதியில் நின்றது. கொண்டுபோன பட்டறையில் இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "மோட்டார் வீக் ஆயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். அன்று செலவு செய்ய மனமில்லாமல் திரும்பி வந்தேன். வீட்டில் காருடன் வந்த கையேட்டைப் புரட்டினேன். அதில் இருந்தபடி செய்ததும் அரை நிமிடத்தில் கண்ணாடி பழையபடி ஏறியது. மோட்டாருக்கு ஒன்றுமே ஆகவில்லை. கண்ணாடி தன் இடத்தை மறந்திருந்தது, அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு எதற்கு ஞாபகம்? கதவுக்குள் இருக்கும் சின்ன மோட்டாரின் தண்டில் ஒரு காந்தம் சுற்றுகிறது. பக்கத்திலுள்ள ஓர் உணரி அந்தச் சுற்றுகளை எண்ணிக்கொண்டே இருக்கிறது. கீழிருந்து மேல்வரை எத்தனை சுற்று என்பது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரியும். நடுவழியில் ஒரு குழந்தையின் கை சிக்கினால் மோட்டாரின் வேகம் சட்டென்று குறையும். உடனே கண்ணாடி நின்று கீழே இறங்கிவிட வேண்டும். ஆனால் உச்சிக்குப் போய் ரப்பர் பீடிங்கில் முட்டும்போதும் இதே மாதிரிதான் வேகம் குறைகிறது. முட்டியது கையா, பீடிங்கா என்று தெரிய வேண்டுமானால் உச்சி எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். தானாக ஏறும் கண்ணாடிகளுக்கான அமெரிக்க விதி, இடைவெளி 4 மில்லிமீட்டரிலிருந்து 200 மில்லிமீட்டர் வரை இருக்கும்போது, அழுத்தும் விசை 100 நியூட்டனைத் தொடும் முன்பே கண்ணாடி பின்வாங்க வேண்டும் என்கிறது. ஏறக்குறைய 10 கிலோ எடை அழுத்துகிற விசை அது. பேட்டரியைக் கழற்றியதும் பல கார்களில் இந்தக் கணக்கு அழிந்துபோகிறது. உச்சி தெரியாத நிலையில் தானாக ஏறுவது ஆபத்து என்பதால், பெட்டி அந்த வசதியையே நிறுத்தி வைக்கிறது. பழுது என்று நாம் நினைப்பது உண்மையில் ஒரு காவல்.

கணக்கை மறுபடி சொல்லிக் கொடுக்கும் வழி பெரும்பாலான கார்களில் ஒன்றுதான். கதவுகளைச் சாத்தி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். கண்ணாடியை முழுக்க இறக்குங்கள். பிறகு சுவிட்சை மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். கண்ணாடி உச்சியைத் தொட்ட பிறகும் விரலை எடுக்காமல் சில விநாடிகள் பிடித்திருங்கள். எத்தனை விநாடி என்பதும், இறக்கும்போதும் அப்படிப் பிடிக்க வேண்டுமா என்பதும் காருக்குக் கார் மாறும், கையேட்டைப் பாருங்கள். இது முடியும்வரை கை சிக்கினாலும் கண்ணாடி நிற்காமல் போகலாம். அதனால் பிள்ளைகளைக் காரிலிருந்து இறக்கிவிட்டே செய்யுங்கள்.

அதே காரில் சில மாதம் கழித்து வந்தது வேறு தொல்லை. முன்சீட்டுப் பயணி பக்கக் கண்ணாடி இறங்கியது, ஏறவில்லை. அவர் பக்கச் சுவிட்சிலும் ஏறவில்லை, என் பக்கச் சுவிட்சிலும் ஏறவில்லை. மழைக்காலம். திறந்த இடைவெளியில் துண்டைச் செருகி வைக்க வேண்டியதாயிற்று. இந்த முறை எனக்குத் தெரிந்த ஒரு வயதான எலக்ட்ரீஷியனிடம் போனேன். கதவை அவர் பிரிக்கவே இல்லை. "இறங்குதுல்ல? அப்ப மோட்டார் நல்லாருக்கு தம்பி. அதையே திருப்பிச் சுத்தினா ஏறிட்டுப் போவுது" என்றார்.

பழைய பாணி பவர் விண்டோவின் சூட்சுமமே அதில் இருக்கிறது. மோட்டாருக்கு இரண்டே ஒயர். சுவிட்சைத் தொடாதபோது இரண்டும் எர்த்தில் இருக்கும். மேலே இழுத்தால் ஓர் ஒயருக்கு 12 வோல்ட் போகும், மற்றது எர்த்திலேயே இருக்கும். கீழே அழுத்தினால் இது தலைகீழ். பயணியின் சுவிட்சுக்கு ஓய்வு நிலையில் எர்த் கிடைப்பது ஓட்டுநர் பக்க மெயின் சுவிட்சு வழியாகத்தான். அதனால் மெயின் சுவிட்சுக்குள் ஒரு முனை கருகினால், அதைத் தொடாமலே பயணியின் கண்ணாடி முடங்கும். புதிய கார்கள் பலவற்றில் சுவிட்சு வெறும் சைகைதான் அனுப்புகிறது, கரண்ட்டைக் கொடுப்பது வேறு பெட்டி. அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

கண்ணாடி இறங்கியதால் ஃபியூஸும் மோட்டாரும் தப்பித்தன. என் பக்கச் சுவிட்சிலும் இறங்கியதால் நடுவிலுள்ள ஒயர்களும் தப்பித்தன. மிஞ்சியவை இரண்டு சுவிட்சுகள். பெரியவர் பின்கதவுச் சுவிட்சைக் கழற்றி, ஒயர் மாட்டும் கப்ளர் ஒன்றேதான் என்று பார்த்து, பயணியின் பக்கம் மாட்டினார். மாற்றமில்லை. ஆக, மெயின் சுவிட்சு.

முற்றிலும் அசையாத கண்ணாடிக்கு இரவில் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. முதலில், ஓட்டுநர் பக்கத்து விண்டோ லாக் பொத்தான் தெரியாமல் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உள்விளக்கைப் போட்டுச் சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு லேசாக மங்கினால் கரண்ட் மோட்டாருக்குப் போகிறது. மோட்டாரோ, கண்ணாடியைத் தூக்கும் ரெகுலேட்டரோ இறுகியிருக்கிறது. மங்காவிட்டால் பெரும்பாலும் ஃபியூஸ், சுவிட்சு, அல்லது கதவுக்கும் உடலுக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயர். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் மடங்குவதால் ஒயர் அங்கேதான் முதலில் அறும். பிள்ளைகள் விளையாட்டாக ஏற்றி இறக்கிய பிறகு நின்றதென்றால் சில நிமிடம் விட்டுப் பாருங்கள். சூடான மோட்டார் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கும்.

சுவிட்சு இறுகினால் கையில் கிடைத்த எண்ணெயை அடிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். 2012 அக்டோபரில் டொயோட்டா உலகெங்கும் சுமார் 74 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம் இந்த மெயின் சுவிட்சுதான். உள்ளே கிரீஸ் சீராகப் பூசப்படாததால் சுவிட்சு தட்டித் தட்டி நகர்ந்தது. அதைச் சரிசெய்யக் கடையில் கிடைக்கும் எண்ணெயை அடித்தால் சுவிட்சு உருகித் தீப்பிடிக்கலாம் என்றும் நிறுவனம் எச்சரித்தது. தண்ணீரும் ஆபத்துதான். சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்கித் தீப்பிடிக்கலாம் என்பதால் 2010இல் ஹோண்டா சுமார் 6.46 லட்சம் கார்களை அழைத்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு மழையில் நிறுத்திய காரில் சுவிட்சு ஈரமாகியிருந்தால், அழுத்திப் பார்க்காமல் காட்டிவிடுவதே நல்லது.

பெரியவர் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் நெம்பியால் சுவிட்சுத் தட்டைத் தூக்கி, கப்ளரை உருவினார். தாழ்களை ஒவ்வொன்றாக விடுவித்து மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார். வரிசையாகச் செம்பு நாக்குகள், எல்லாம் மின்னின. ஒன்றின் நுனியில் மட்டும் கடுகளவுக்குக் கரி. எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனரில் துணியை நனைத்துத் துடைத்து, வழவழப்பான தாளால் மெல்லத் தேய்த்தார். உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சு போய்விடும் என்றார். உலரவிட்டு மாட்டினோம். பயணி பக்கக் கண்ணாடி நடுங்காமல் ஏறி பீடிங்குக்குள் போய் உட்கார்ந்தது. பிறகு, பேட்டரியைக் கழற்றினோமே என்று, என் பக்கச் சுவிட்சை இழுத்துப் பிடித்தபடி விநாடிகளை எண்ண ஆரம்பித்தேன்.