டிம்பர்லைன் லாட்ஜ்: வேலையிழந்தவர்கள் எழுப்பிய மலை விடுதி

ஹூட் மலை, ஆரிகன் மாநிலம், அமெரிக்கா
கட்டப்பட்ட காலம்: 1936–1938

1930களின் பெருமந்தத்தில் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையிழந்து நின்றார். அவர்களுக்கு வேலை கொடுத்துக் கூலி வழங்க, அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு 1935இல் டபிள்யூ.பி.ஏ. என்ற பொதுப்பணித் திட்டத்தைத் தொடங்கியது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 6,000 அடி உயரத்தில் நிற்கும் இந்த விடுதி அத்திட்டத்தில் எழுந்தது. கல்தச்சர், மரத்தச்சர், கொல்லர், நெசவுப் பெண்கள் எனப் பலர் இங்கே உழைத்தனர். வேலை செய்துகொண்டே தொழில் கற்றவர்களும் உண்டு.

கையிருப்புப் பணம் குறைவு. எனவே பழைய பொருள்கள் புதுவடிவம் பெற்றன. படிக்கட்டின் தூண்களைப் பாருங்கள்: கம்பி தாங்கிய பழைய மரக்கம்பங்களில் விலங்குகளும் பறவைகளும் செதுக்கப்பட்டுள்ளன. கணப்படுப்பில் விறகைத் தாங்கும் இரும்பு, ஒருகாலத்தில் ரயில் தண்டவாளம். அடுப்பின் முன்திரை, வண்டிச் சக்கரங்களின் பனிச்சங்கிலி. பழைய கம்பளித் துணிகள் தரைவிரிப்புகளாயின. உள்ளலங்காரத்தை வழிநடத்தியவர் மார்ஜரி ஹாஃப்மன் ஸ்மித்.

பணிகள் முழுதும் முடியுமுன்பே, 1937 செப்டம்பர் 28 அன்று ரூஸ்வெல்ட் நேரில் வந்து இதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 1977இல் இது தேசிய வரலாற்றுச் சின்னமானது. பனிச்சறுக்குக்கு வருவோரை இன்றும் வரவேற்கும் இந்த விடுதி, வேலையற்றோருக்கு அன்று கொடுத்த கூலி வீண்போகவில்லை என்பதற்குச் சான்று.