மீன்தோல் கட்டினால் கிருமி அண்டாதா?

வாவிக்கரை ஊரான ஆரையம்பதியின் வீடுகளில் செதில் சீவித் தோலோடு கறிக்குப் போகும் மீன் திலாப்பியா. அந்த இனத்தின் தோலைத்தான் வடகிழக்குப் பிரேசிலின் ஃபோர்த்தலேசா நகர மருத்துவர்கள், 2015 அளவில் தொடங்கிய ஆய்வில், தீக்காயத்துக்குக் கட்டினார்கள். ஐஸ்லாந்தில் கொட் மீனின் தோல் மருத்துவக் கட்டாகவே விற்பனையாகிறது. அப்படியானால் வாவி மீனின் தோலை நாமும் புண்ணில் வைக்கலாமா? வைக்கவே கூடாது.

தோல் எரிந்துபோன இடத்தில் நீர் கசியும். இறந்த தசை கிடக்கும். சூடோமோனாஸ், ஸ்டெஃபிலோகொக்கஸ் போன்ற பக்டீரியாக்கள் பெருக அது போதும். சாதாரணத் துணிக்கட்டு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அவிழ்க்கும்போதெல்லாம் புதிதாக வளர்ந்த மெல்லிய தோலும் சேர்ந்து உரியும், நோயாளி துடிப்பார். கொலாஜன் எனும் புரதம் நிறைந்த மீன்தோல் அப்படியல்ல. சுத்தமாக்கிய காயத்தில் படிந்து பிடித்துக்கொள்ளும். இடையில் நீர் அதிகம் தேங்காததால் கிருமி பெருகும் வாய்ப்பும் குறைவு. பல நாள் பிரிக்காமலே விடலாம்.

திலாப்பியாவின் உடலில் பிசிடின் எனும் சிறு புரதங்கள் உண்டு. பக்டீரியாவின் சவ்வையே துளைப்பவை அவை. ஆனால் பதப்படுத்திய தோலில் அவை முன்போலவே வேலை செய்யும் என்று நம்பியிருக்க முடியாது. இறுகப் படிவதுதான் இந்தக் கட்டின் பெரும்பலம் என்பேன்.

உயிரிகளின் தோலையோ சவ்வையோ பதப்படுத்திக் காயத்துக்குக் கட்டுவது இலங்கைக்குப் புதிதல்ல. ஹட்சன் சில்வா தொடங்கிய கண் தானச் சங்கத்தின் முயற்சியில், சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் உதவியோடு, 1996இல் கொழும்பில் மனித இழைய வங்கி திறக்கப்பட்டது. தாய்மார் பிரசவத்தின்பின் தானமாகத் தரும் பனிக்குடச் சவ்வைக் காமாக் கதிரால் கிருமிநீக்கித் தீக்காயத்துக்குத் தந்தது அந்த வங்கி. மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனையில் 1988இலேயே இத்தகைய வங்கி வந்துவிட்டது. பனிக்குடச் சவ்விலும் டிஃபென்சின், எலாஃபின் போன்ற கிருமியெதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றன.

பிரேசிலிலும் மீன்தோல் நேரே காயத்துக்குப் போவதில்லை. குளோர்ஹெக்சிடினில் கழுவி, கிளிசரோலில் ஊறவைத்து, கதிர்பாய்ச்சிய பிறகே போகிறது. பச்சைத் தோலில் அந்தக் காவல் எதுவும் இல்லை. உவர்நீரில் வாழும் விப்ரியோ, ஏரோமோனாஸ் பக்டீரியாக்கள் மீன்தோலிலும் ஒட்டியிருக்கும். வலை இழுக்கும்போது முள் குத்திய காலில், அதுவும் நீரிழிவுள்ளவர் காலில், அவை இறங்கினால் காலையே இழக்க நேரலாம், உயிரும் போகலாம். சீழ் வைத்த புண்ணைச் சுத்தப்படுத்தாமல் எந்தத் தோலால் மூடினாலும் கிருமியை உள்ளே வைத்து அடைத்ததாகிவிடும். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் கண்டாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.