கோடை ஷிப்டும் சினிமாப் பயிற்சியும்

கோடை விடுமுறை விட்டால் பல்லடம் பகுதியில் நம் தெருப் பிள்ளைகள் பனியன் கம்பெனி வேனுக்குக் காத்து நிற்கிறார்கள். செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று இரண்டு மாதம் ஷிப்ட் பார்த்தால்தான் ஜூனில் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியும்.

விஸ்காம் படிக்கும் பிள்ளைக்கு இங்கேதான் சிக்கல். அதே விடுமுறையில் டிவி சேனலிலோ சினிமா அலுவலகத்திலோ இன்டர்ன்ஷிப் போக வேண்டும். அவை பெரும்பாலும் சென்னையில் இருக்கின்றன. பல இடங்களில் சம்பளம் கிடையாது. அறை வாடகை, சாப்பாடு எல்லாம் கைக்காசு. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது அனுபவம். நமக்கோ இரண்டு மாதக் கூலி போச்சு.

மேலூர்ப் பக்கத்து பி.எஸ். வினோத்ராஜ் சிறுவயதில் திருப்பூரில் ஜவுளி வேலை பார்த்தவர். சென்னையில் டிவிடி கடையில் வேலை செய்தபடியே உலக சினிமா பார்த்துக் கற்றார். அவரது முதல் படம் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வென்றது. இந்தியாவின் சார்பில் ஆஸ்கர் போட்டிக்கும் அனுப்பப்பட்டது. திறமை நம் பக்கமும் உண்டு என்பதற்கு இது போதும். ஆனால் ஒருவர் சுவரேறிக் குதித்ததால் கதவு திறந்துவிட்டதாக ஆகாது.

'அட்டகத்தி' (2012), 'பரியேறும் பெருமாள்' (2018) வந்த பிறகு நம் வாழ்க்கை திரையில் பேசப்படுகிறது. கேமராவுக்குப் பின்னாலும் நம் பிள்ளைகள் நிற்க வேண்டாமா?

நாம் கேட்பது இரண்டுதான்: பயிற்சிக்காலத்துக்கு உதவித்தொகை; சென்னை ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கோடையில் தங்க இடம். தம்பி, தங்கைகளே, கல்லூரித் துறைத்தலைவரிடம் இன்றே எழுத்தில் கேளுங்கள். மனு எழுத நாங்கள் கூட வருகிறோம்.