ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு நம் வீட்டுச் சட்டியிலிருந்தே உணவு



நமது டிரஸ்டின் மருத்துவ உதவிக்கு வரும் மனுக்களில், குழந்தைக்கு மாவு டப்பா வாங்கப் பணம் கேட்பவை ஒவ்வோர் ஆண்டும் சில உண்டு. பச்சைப் பிள்ளையின் பசி என்பதால் நாங்களும் அதிகம் விசாரிக்காமல் கையெழுத்திட்டு வந்தோம். அப்படி உதவி பெற்ற சகோதரி ஒருவர் சென்ற ரமலான் முடிந்த பிறகு மறுபடியும் அலுவலகத்திற்கு வந்தார். கணவருக்குத் தினக்கூலி வேலை. இடுப்பில் ஒன்பது மாதப் பெண் குழந்தை. தடுப்பூசி அட்டையில் எடையைப் பார்த்தோம். 6 கிலோ என்று இருந்தது. அந்த வயதுப் பெண் குழந்தையின் சராசரி எடை 8 கிலோவுக்குச் சற்று மேல்.

என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டோம். "நீங்க வாங்கிக் கொடுத்த மாவைத்தான் கொடுக்கிறேன் பாய். பத்து நாள்ல தீந்து போகுது. மாசம் பூரா வரணும்ல, அதான் பாதி மாவு போட்டு தண்ணியாக் கரைச்சு பாட்டில்ல கொடுக்கிறேன்" என்றார். அன்று வீட்டில் என்ன சமையல் என்று கேட்டோம். சோறு, பருப்பு ஆணம், அவித்த முட்டை. அதில் ஒரு கவளம்கூடக் குழந்தையின் வாய்க்குப் போகவில்லை. காசு கொடுத்து வாங்குவதுதான் குழந்தைக்கு ஏற்றது, வீட்டுச் சோறு பெரியவர்களுக்கு என்று அந்தக் குடும்பம் நினைத்திருந்தது. நாங்களும் அப்படி நினைத்துத்தான் பணம் கொடுத்திருந்தோம். ஆகவே இந்தக் கட்டுரையை எங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

ஏன் ஆறு மாதம்?

பிறந்த நாளிலிருந்து 180 நாட்கள் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். அதற்கு முன் தண்ணீர்கூடத் தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சில வீடுகளில் பிறந்ததும் தேன் தொட்டு வைக்கிறார்கள். ஓராண்டு நிறையும் வரை தேன் அறவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து, நரம்புகளைத் தளரச் செய்யும் கடும் நோயை உண்டாக்கும். தஹ்னீக் செய்ய விரும்புவோர் தேனை விட்டுவிட்டு, எதை எப்படிச் செய்யலாம் என்று குழந்தை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ஆறு மாதம் நிறைந்த பிறகு தாமதிப்பதும் தவறு. தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சத்து அந்தச் சமயத்தில் குறையத் தொடங்கும். தாய்ப்பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. "பல் முளைக்கட்டும்", "ஒரு வயசு ஆகட்டும்" என்று காத்திருந்தால் குழந்தை சோகை பிடித்து வளர்ச்சி குன்றும். தலை நிற்க வேண்டும், பிடித்து உட்காரவைத்தால் உட்கார வேண்டும், நாம் சாப்பிடும்போது கையை நீட்ட வேண்டும். இவை தெரிந்தால் பிள்ளை தயார். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டு நாளை முடிவு செய்யுங்கள்.

உணவு தொடங்கினால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டும் என்பதில்லை. இரண்டு ஆண்டுகள் வரையும் அதற்கு மேலும் தொடரலாம். அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் இரண்டு முழு ஆண்டுகளைக் குறிப்பிடுவதை நாம் அறிவோம்.

கஞ்சித் தண்ணீரில் வயிறு நிறையும், உடம்பு தேறாது

6 முதல் 8 மாதம் வரையுள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி தேவை. 9 முதல் 11 மாதத்தில் அது 300. ஓராண்டுக்குப் பின் 550. குழந்தையின் வயிறோ மிகச் சிறியது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 30 மில்லி என்ற கணக்கில், 7 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 210 மில்லிதான் கொள்ளும். அந்த இடத்தை வடிகஞ்சியும் கரைத்த மாவுத் தண்ணீரும் நிரப்பிவிட்டால் குழந்தை அழாமல் தூங்கும். எடை மட்டும் ஏறாது. அந்தச் சகோதரியின் வீட்டில் நடந்தது இதுதான்.

உணவு கெட்டியாக இருக்க வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் நிற்க வேண்டும். நோன்புக் கஞ்சி நம் எல்லோருக்கும் தெரியும். குழந்தையின் முதல் உணவு அதைவிடவும் கெட்டியாக இருக்கலாம். நோன்புக் கஞ்சியையே குழந்தைக்கு ஊட்டலாமா என்று கேட்கிறார்கள். அதில் உப்பும் மசாலாவும் இருப்பதால் ஓராண்டு வரை வேண்டாம்.

முதல் சமையல்

பச்சரிசி அல்லது புழுங்கலரிசி 30 கிராம் (ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி), பாசிப்பருப்பு 15 கிராம் (ஒரு மேசைக்கரண்டி). இரண்டையும் கழுவி, ஒன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு, குக்கரில் ஐந்தாறு விசில் வரும் வரை குழைய வேகவிடுங்கள். கரண்டியின் பின்புறத்தால் நன்றாக மசித்து, ஒரு தேக்கரண்டி நெய்யோ, கடலை எண்ணெயோ, தேங்காய் எண்ணெயோ சேருங்கள். உப்பு வேண்டாம், சீனி வேண்டாம். மிக்சியில் அடிக்கத் தேவையில்லை. இந்த அளவில் ஏறத்தாழ 200 கலோரி கிடைக்கும். அதாவது ஏழு மாதக் குழந்தையின் ஒரு நாள் தேவை அதற்குள் அடங்கிவிடுகிறது. எண்ணெயைப் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். சிறு வயிற்றில் அதிகச் சக்தியைச் சேர்ப்பது அந்த ஒரு தேக்கரண்டிதான்.

முதல் நாள் இரண்டு மூன்று தேக்கரண்டி போதும். குழந்தை நாக்கால் வெளியே தள்ளினால் பிடிக்கவில்லை என்று பொருளில்லை. விழுங்கக் கற்றுக்கொள்கிறது. மறுநாளும் கொடுங்கள். ஒரு பொருளைப் பத்து முறை கொடுத்த பிறகு ஏற்றுக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. புதிய பொருள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தொடங்கி, இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு ஏதேனும் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்தடுத்த வாரங்களில் சேர்க்க வேண்டியவை:

• அவித்து மசித்த பூசணி, கேரட், உருளை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு. பிசைந்த வாழைப்பழம், பப்பாளி. பருப்புடன் வேகவைத்துக் கடைந்த முருங்கைக்கீரை.

• முழுதாக வெந்த முட்டை. மஞ்சள் கரு மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை, வெள்ளைக் கருவையும் மசித்துக் கொடுக்கலாம். சருமத்தில் கடுமையான கரப்பான் உள்ள பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

• நன்றாக வெந்து நைந்த கறி, கோழி, முள் நீக்கிய மீன். நம் வீடுகளில் கறி சமைக்காத வாரம் குறைவு. மசாலா போடுவதற்கு முன் இரண்டு துண்டைத் தனியாக வேகவைத்து எடுத்து, பிய்த்து மசித்து, சோற்றில் கலந்தால் குழந்தையின் பங்கு முடிந்தது. ஈரலில் இரும்புச் சத்து மிகுதி. வாரம் ஒரு முறை ஒரு தேக்கரண்டி போதும்.

• முளைகட்டிய கேழ்வரகு. ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைத்த மாவில் கூழ் காய்ச்சினால் சாதாரண மாவைப் போல விரைவில் இறுகாது. அதே அளவு தண்ணீரில் அதிக மாவைச் சேர்க்க முடியும்.

• வறுத்து மிக நைசாகப் பொடித்த நிலக்கடலை, கூழிலோ சோற்றிலோ கலந்து. முழுக்கடலை தொண்டையில் அடைக்கும். ஐந்து வயது வரை கூடாது. முழுத் திராட்சையை நீளவாக்கில் நறுக்காமல் கொடுக்காதீர்கள்.

பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர, அந்த வேளையில் தக்காளியோ, சில சொட்டு எலுமிச்சைச் சாறோ, கொய்யாவோ உதவும். தேநீர் அதைத் தடுக்கும். தேநீரில் தோய்த்த பிஸ்கட்டைப் பிள்ளைக்கு ஊட்டும் பழக்கத்தை நன்னிமார்கள் தயவுசெய்து விட்டுவிட வேண்டும்.

8 மாதம் வரை நாளைக்கு இரண்டு மூன்று வேளை. 9 மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை, இடையில் ஒரு பழமோ சிறு தீனியோ. 8 மாதத்தில் கையால் எடுத்துத் தின்னக்கூடிய மென்மையான துண்டுகள். 12 மாதத்தில் வீட்டார் உண்பதையே, காரம் குறைத்து. பசும்பாலை ஓராண்டுக்குள் முக்கியப் பானமாக ஆக்காதீர்கள்.

சுத்தமும் பொறுமையும்

சமைக்கும் முன்பும் ஊட்டும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தையின் கையையும் கழுவுங்கள். பாட்டில் வேண்டாம், கிண்ணமும் கரண்டியும் போதும். நம் ஊர் வெக்கையில் சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்துக் கொடுக்காதீர்கள். கைப்பேசியைக் காட்டி ஏமாற்றி ஊட்டாமல், முகம் பார்த்துப் பேசி ஊட்டுங்கள். தலையைத் திருப்பிக்கொண்டால் வற்புறுத்த வேண்டாம்.

வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்தால் உணவை நிறுத்துவது நம்மிடையே உள்ள தவறான வழக்கம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். உணவைச் சிறுகச் சிறுகத் தொடருங்கள். வயிற்றுப்போக்கிற்கு ஓ.ஆர்.எஸ். கரைசலைத் தொடங்கிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். குணமான பிறகு இரண்டு வாரத்திற்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள்.

அங்கன்வாடியில் பெயரைப் பதிவு செய்யுங்கள். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு அங்கே சத்துமாவு இலவசமாகக் கிடைக்கிறது. மாதந்தோறும் எடை பார்க்கிறார்கள். அது நம் பிள்ளைகளின் உரிமை. கூச்சப்பட ஒன்றுமில்லை.

தகப்பன்மார்களுக்கு

மேலே சொன்ன அதே வசனம், பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. பால் மறக்கச் செய்வதை இருவரும் கலந்து பேசி, மனம் ஒப்பி முடிவு செய்ய வேண்டியதாக வைக்கிறது. பிள்ளைக்கு என்ன ஊட்டுவது என்பது பெண்களின் விஷயம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள இடமில்லை. அன்றாடம் ஒரு முட்டை வாங்கி வருவதும், ஒரு வேளை மடியில் வைத்து ஊட்டுவதும் நம்மால் ஆகக்கூடியவை.

டிரஸ்டின் தீர்மானம்

விசாரித்தபோது இன்னொன்றும் தெரிய வந்தது. குழந்தைப் பால்மாவு, குழந்தை உணவு, பால்பாட்டில் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் உள்ளது. அவற்றின் விளம்பரத்தை அது தடை செய்கிறது. அநாதை இல்லங்களைத் தவிர வேறு எவருக்கும் அவற்றை நன்கொடையாக வழங்குவதையும் தடுக்கிறது. நல்லெண்ணத்தில் செய்கிறோம் என்று நாங்கள் அதையும் அறியாமல் இருந்துவிட்டோம். அல்லாஹ் மன்னிப்பானாக.

இனி டிரஸ்ட் மாவு டப்பாவிற்குப் பணம் தராது. அதற்குப் பதிலாக, தகுதியுள்ள குடும்பங்களுக்குக் குழந்தை ஆறு மாதம் நிறைந்ததிலிருந்து ஓராண்டு முடியும் வரை மாதந்தோறும் அரிசி, பாசிப்பருப்பு, கேழ்வரகு, எண்ணெய், 30 முட்டை வழங்குவோம். தாய்ப்பால் கொடுக்க இயலாத தாய், தாயை இழந்த குழந்தை என்று வரும்போது, மருத்துவரிடம் அழைத்துச் சென்று அவர் சொல்லும் வழியில் உடன் நிற்பது எங்கள் பொறுப்பு. மாதத்தின் முதல் சனிக்கிழமை அஸருக்குப் பின் மதரஸா கூடத்தில் பெண்களுக்குச் சமைத்துக் காட்ட ஏற்பாடு செய்துள்ளோம். மாமியார்மார்களும் நன்னிமார்களும் அவசியம் வர வேண்டும். வீட்டில் அவர்கள் சொல்தானே செல்கிறது.

அந்தச் சகோதரியின் மகளுக்குச் சென்ற மாதம் ஒரு வயது நிறைந்தது. மருத்துவர் சொன்னபடி, வீட்டுச் சோறும் பருப்பும் முட்டையும் மூன்று மாதம் ஊட்டினார்கள். இப்போது எடை 7 கிலோ 400 கிராம். இன்னும் ஏற வேண்டும், இன்ஷா அல்லாஹ் ஏறும். உங்கள் தெருவில் ஆறு மாதம் நிறையும் குழந்தை இருந்தால் இந்த இதழைப் படித்துவிட்டு அந்த வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்