மனித இயல்பும் அறப்பண்பும்: அன்ஸ்கம் முதல் மக்கின்ரயர் வரை

ஒரு செயலைத் 'தீயது' என்று நாம் கூறும்பொழுது அச்செயலைப் பற்றிய உண்மையொன்றைக் கூறுகின்றோமா, அன்றி நமது வெறுப்பை வெளியிடுகின்றோமா? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கில மெய்யியலாளர் பலர் இரண்டாவதையே விடையாகக் கொண்டிருந்தனர். 1936இல் வெளிவந்த ஏயரின் நூல் அவ்விடைக்குப் பெருஞ் செல்வாக்கைத் தேடிக்கொடுத்தது. 1945இல் நாசி வதைமுகாம்கள் பற்றிய செய்திகளும் படங்களும் வெளிவந்தபொழுது, ஒக்ஸ்போட்டுக்கு மீண்டிருந்த பிலிப்பா ஃபுட் (1920–2010) இவ்விடையைத் தம்மால் ஏற்கவியலாது என உணர்ந்தார். முகாமை நடத்தியவனுக்கும் அவனைக் கண்டிப்பவனுக்கும் இடையிலுள்ளது மனப்பாங்கு வேறுபாடு மாத்திரமே எனின், கண்டிப்பவனின் சொல்லுக்கு என்ன பொருள் எஞ்சும்? அவரது வாழ்நாள் ஆய்வு முழுவதும் இவ்வினாவினின்றே கிளைத்தது எனலாம்.

அவருக்கு வழிகாட்டியவர், சமர்வில் கல்லூரியில் அவருடன் பணியாற்றிய எலிசபெத் அன்ஸ்கம் ஆவார். ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களின்மீது அணுகுண்டு வீசப் பணித்த ட்ரூமனுக்கு ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் 1956இல் கௌரவப் பட்டம் வழங்க முற்பட்டபோது வெளிப்படையாக எதிர்த்தெழுந்தவர் அவர். ஈராண்டுகளின் பின்னர், 1958இல், நவீன ஒழுக்க மெய்யியல் பற்றிய அவரது கட்டுரை வெளிவந்தது. 'ஒழுக்கக் கடப்பாடு' என்னும் எண்ணம், சட்டம் விதிக்கும் கடவுளை ஏற்ற காலத்தின் எச்சம் என்றார் அவர். குற்றவியல் சட்டமும் நீதிமன்றங்களும் ஒழிந்த பின்னரும் 'குற்றவாளி' என்னும் சொல் வழங்கிவருவதை இதற்கு ஒப்பிடலாம். 'ஒழுக்கமுறையிற் பிழை' என்று பொதுப்படக் கூறுவதிலும் 'நீதியற்றது', 'பொய்மையானது' எனப் பெயர் சுட்டிக் கூறுவதே தெளிவுடையது என்பது அவர் கருத்து. அன்ஸ்கம் ஆழ்ந்த கத்தோலிக்கர். சட்டம் விதிப்பவனைத் தாமே நம்பியவர். அவ்வாறிருந்தும், நம்பாதோர்க்குத் திறந்துள்ள வழி அரிஸ்ரோட்டிலின் வழியே என்று சுட்டினார். ஆயின் அவ்வழியிற் செல்வதற்கு முன்னர், மனித இயல்பு யாது, செயல் யாது, மலர்ச்சி யாது என்பன தெளிவாக்கப்படல் வேண்டும் என்ற எச்சரிக்கையையும் விடுத்தார்.

இவ்விடத்திற் பீற்றர் கீச் 1956இல் எடுத்துக்காட்டிய இலக்கண உண்மையொன்று துணைபுரிகின்றது. 'சிவப்பு' என்னும் அடை தனித்து நின்றே பொருள் தரும். 'நல்ல' என்பதோ தான் அடைகொடுக்கும் பெயரைச் சார்ந்தே பொருள் தரும். கத்தி இன்னதென அறியாதவன் நல்ல கத்தியை அறியான். (நமது மொழியின் 'நல்ல பாம்பு' இதற்கு விலக்கு, அங்கு அடையைத் தந்தது அச்சமே.) அவ்வாறாயின், நல்ல மனிதனை அறிவதற்கு மனிதன் இன்னதென அறிதல் வேண்டும்.

ஃபுட் தமது 'இயல்பு நன்மை' (2001) என்னும் நூலில் இவ்வாதத்தை உயிரினங்களுக்கு விரித்தார். ஓக் மரத்திற்கு ஆழ்ந்து உறுதியாக ஊன்றிய வேர் தேவை. அஃதில்லாத மரம் குறையுடையது. தேனிருக்கும் இடத்தைக் கண்டும் தன் நடனத்தால் ஏனைய தேனீக்களுக்கு அறிவிக்காத தேனீயும் குறையுடையதே. நமது விருப்புவெறுப்புக்கு இம்மதிப்பீட்டில் இடமில்லை; அவ்வினம் வாழும் முறையே அளவுகோலாகின்றது. மனிதரும் ஒருவரையொருவர் நம்பாது வாழவியலாதவர் ஆதலின், வாக்குத் தவறுபவனின் குறையும் அவ்வகையினதே என்பது அவர் முடிவு. தமிழில் 'குணம்' என்னும் சொல் இயல்பையும் நற்பண்பையும் நோய் நீங்குதலையும் ஒருங்கே குறிப்பதை அறிந்த நமக்கு இம்முடிவு அத்துணை வியப்பைத் தராது.

ஆயினும், உயிர் பிழைத்தலும் இனம் பெருக்கலுமே இயற்கையின் நோக்கெனின் தியாகம் ஒரு குறையாகிவிடாதா என்ற வினா எழுகின்றது. ஃபுட் இதனைத் தட்டிக்கழிக்கவில்லை. எஸ்.எஸ். படையிற் சேர மறுத்து, 1944இல் மரணதண்டனை விதிக்கப்பட்ட நிலையிற் பெற்றோருக்குக் கடிதம் எழுதிய சுடேற்றன்லாந்து விவசாய இளைஞன் ஒருவனை அவர் எடுத்துக்காட்டுகின்றார். அவன் தன் இயல்புக்கு மாறாக நடந்தானா? இல்லை என்கிறார். ஏனைய விலங்குகள் நன்மையை நாடுகின்றன. மனிதனோ நன்மையை நன்மையென அறிந்து, அதற்கான நியாயத்தின்படி செயற்படுகின்றான். நியாயத்திற்குச் செவிசாய்த்தலே அவனது இயல்பு. இவ்விடை வலிமையானது என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் 'இயல்பு' என்னும் சொல் இங்கு உயிரியலினின்றும் விலகிப் பகுத்தறிவின் பக்கம் சாய்ந்துவிடுவதையும் கவனித்தல் வேண்டும். ஓக் மரத்தில் தொடங்கிய வாதம் ஓக் மரத்தால் தாங்கவியலாத சுமையை ஏற்றுக்கொள்கிறது.

உயிரியலை விட்டுவிடாது இவ்விடரைக் கடக்க முயன்றவர் அலஸ்டயர் மக்கின்ரயர் (1929–2025). 1981இல் வெளியிட்ட 'அறப்பண்பின் பின்' என்னும் நூலில் அவர் அரிஸ்ரோட்டிலின் உயிரியலைக் கைவிட்டு, சமூக நடைமுறைகளிலும் மரபிலும் அறப்பண்புக்கு அடித்தளம் தேடினார். பதினெட்டு ஆண்டுகளின் பின்னர், 'தங்கிவாழும் பகுத்தறிவு விலங்குகள்' (1999) என்னும் நூலில், உயிரியலைச் சாராத ஒழுக்கவியல் இயலும் எனத் தாம் எண்ணியது தவறு என ஒப்புக்கொண்டார். தம் கொள்கையை அச்சிலேயே திருத்திக்கொள்ளும் அறிஞர் அரியர். மனிதன் குழவியாய், நோயாளியாய், முதியவனாய், சிலவேளை வாழ்நாள் முழுவதும் உடற்குறையுடையவனாய்ப் பிறரில் தங்கி வாழ்பவன். தன்னிறைவைப் போற்றிய அரிஸ்ரோட்டில் இதனைக் காணத் தவறினார். கைம்மாறு கருதாது கொடுத்தலும், நாணாது பெற்றுக்கொள்ளுதலும் இந்நிலைக்கு இன்றியமையாத பண்புகள் என்றார் மக்கின்ரயர். மனிதனின் மேன்மையில் அறத்துக்கு அடிப்படை தேடியோரினும், அவனது நலிவில் தேடிய இவரே உண்மைக்கு அண்மையில் நிற்கின்றார் என்பது நம் துணிபு.

எனினும், தங்கிவாழ்தல் முதலிற் கட்டுவது தன் குழுவையே. ஓநாய்கள் தம் கூட்டத்தினுள் ஒத்துழைக்கின்றன. முகாம் காவலரும் தம்முள் விசுவாசமுடையோராய் இருந்திருக்கக் கூடும். குழுவுக்கு வெளியே நிற்பவன் நம்மிடம் எதனைக் கோரலாம்? இதற்கு விடை கூற, அயலானின் அவசரத் துன்பத்துக்கும் இரங்கும் பண்பைத் தோமஸ் அக்குவைனாஸிடமிருந்து பெறுகின்றார் மக்கின்ரயர். அக்குவைனாஸோ அப்பண்பை இறையன்பின் விளைவுகளுள் ஒன்றாக வைத்து ஆராய்ந்தவர். மனித இயல்பு மாத்திரமே அதனைத் தாங்குமா என்பதில் ஃபுட்டின் 1945ஆம் ஆண்டு வினா இன்னும் முழுமையாகத் தீரவில்லை.